எழுதின கை

நான் அவரை முதன்முதலாகப் பார்த்த நொடியில் அவர் ஒருவரை அறைந்தார்.

கதவைத் தள்ளினேன்; அறை விழுந்தது. ஒன்றுதான். இடது கன்னத்தில். வாங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். டை கட்டியிருந்தார், மடியில் தோல் பை வைத்திருந்தார். ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜர், பத்தொன்பது வருஷ அனுபவம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

“இந்த சர்டிஃபிகேட் குடுத்த இன்ஸ்டிட்யூட்டுக்கு நேர்ல போனேன் சார்,” என்று அறைந்தவர் சாதாரணக் குரலில் சொன்னார். “அங்க பிரியாணிக் கடை இருக்கு. எட்டு வருஷமா இருக்காம். நீங்க போன வருஷம் பாஸ் பண்ணியிருக்கீங்க.”

டை கட்டியவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

“வாங்க சார், உட்காருங்க, ரெண்டு நிமிஷம்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உள்ளே இருந்த பெண்ணிடம், “வசந்தி, மூணு டீ சொல்லு,” என்றார். பிறகு அறை வாங்கியவர் பக்கம் திரும்பி, “இப்ப நிஜத்தைச் சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் தெரியும்?” என்று கேட்டார்.

அவர் சொன்னார். டீ வந்தது, குடித்தோம். நாற்பத்து மூன்றாவது நாள் அவருக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று இனிப்புப் பெட்டியோடு படியேறி வந்தார். அதில் பன்னிரண்டு இருந்தன, நான் ஒன்று எடுத்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு, எடுத்திருக்கக் கூடாது.

நான் அவரை மேடம் என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிற பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருந்தால் ரத்த அழுத்தம் ஏறியது. தெரிந்தவர் ஒருவர் அனுப்பித்தான் அங்கே போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஹைட்ராலிக் ஹோஸ் விற்கிற கடைக்கு மேலே முதல் மாடி. இருபத்து மூன்று படி. பதினாலாவது படி வரைக்கும் கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு நாளும் விழுந்துவிடுவேன் என்று பயந்துகொண்டே ஏறினேன்.

கம்பெனிகளுக்குப் பெரிய பதவிக்கு ஆள் பிடித்துத் தருவது மேடத்தின் தொழில். தொழிற்சாலைத் தலைவர், ஜெனரல் மேனேஜர், நிதி மேலாளர், இந்த மாதிரி. இப்படிப்பட்டவர்கள் பேப்பரில் விளம்பரம் பார்த்து வருகிறவர்கள் அல்ல. வேறெங்கோ சௌகரியமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எழுப்பிக் கூட்டி வர வேண்டும். ஆள் வேண்டும் என்கிற முதலாளிகளும் தெருவில் போர்டு பார்த்து வருவதில்லை. இரண்டு பேருமே காலையில் காரில் போகும்போது போனை எடுத்து, எல்லாரும் தங்கள் படமும் பதவியும் போட்டு ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் அந்த வலைத்தளத்தைப் பார்ப்பார்கள். மேடத்தின் கடைத்தெரு அதுதான்.

அங்கே தினமும் காலை எட்டு பத்துக்கு அவர் பெயரில் ஒரு பதிவு வர வேண்டும். அதை எழுதுவதற்குத்தான் என்னை எடுத்தார். ஆங்கிலத்தில், இருநூறு சொல்லுக்குள்.

“என்ன எழுதணும் மேடம்?”

“நான் செய்யறதை எழுதுங்க. ஆனா கொஞ்சம் நல்லவளா எழுதுங்க.”

அவர் மனிதர்களைப் பிடிக்கும் விதத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆள் வேண்டுமென்றால் உடனே செய்தி அனுப்ப மாட்டார். அந்த ஆளின் பக்கத்தைப் போய்ப் பார்ப்பார், அவ்வளவுதான். யார் வந்து பார்த்தார்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரியும். இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை பார்ப்பார். மூன்றாவது தடவைக்குள் அவரே வந்து, “மேடம், ஏதாவது இருக்கா?” என்று கேட்பார். வாரக்கணக்கில் நான் குறித்து வைத்தேன்: பத்துப் பேரில் ஆறு பேர் வந்தார்கள். யாராவது திடீரென்று பழைய படத்தை எடுத்துவிட்டுக் கோட்டுப் போட்ட படம் வைத்தால், “பாருங்க சார், கிளம்பிட்டான்,” என்பார். வீட்டில் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

கோபம் வந்தால் அவர் வாயால் கத்துவதில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடுவார். அதைப் பார்த்தால் நானும் வசந்தியும் எழுந்து சுவரோரம் போய்விடுவோம். நான் இருந்த இருபத்தாறு மாதத்தில் போன்கள் நான்கு, கீபோர்டு இரண்டு, மேஜைக் கண்ணாடி ஒன்று, சுவர்க்கடிகாரம் ஒன்று உடைந்தன. மனிதர்கள் என்று எடுத்தால், அடி வாங்கியதை நான் கண்ணால் பார்த்தவர்கள் பதினான்கு பேர். அதில் வசந்தி மூன்று முறை. அவள் ஒரே ஆளாக எண்ணப்பட்டிருக்கிறாள்.

ஒருமுறை நான் தாங்க முடியாமல் கேட்டேன்.

“ஏன் மேடம், வாயால சொன்னா ஆகாதா?”

“நான் ஆவடி குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவ சார். எங்க அப்பாவுக்கு டிஃபென்ஸ் ஃபேக்டரி. இந்தப் பக்கத்து ஊடு தஞ்சாவூர், அந்தப் பக்கம் நாகர்கோவில், எதிர்ல மதுரை. பைப்படில சண்டை வந்தா யார் என்ன திட்டறாங்கன்னு யாருக்கும் புரியாது. அடிச்சாத்தான் புரியும். சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா விளையாடுவோம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அடி விழுந்தால் அந்த விஷயம் அதோடு முடிந்தது; பிறகு அதைப் பற்றி ஒரு சொல் வராது. வசந்தி ஒரு தடவை இரண்டு பேருடைய பயோடேட்டாவை மாற்றி இரண்டு கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். முதுகில் பலமாக ஒன்று விழுந்தது, அழுதாள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உனக்கு ரோஷமே இல்லையாம்மா?” என்று அவளைத் தனியாகக் கேட்டேன்.

“இதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ்ல இருந்தேன் சார். அங்க யாரும் அடிக்க மாட்டாங்க. ஒவ்வொரு தப்புக்கும் மெயில் வரும். ஆறு மாசம் கழிச்சுக்கூட எடுத்துக் காட்டுவாங்க. இது எவ்வளவோ தேவலை,” என்றாள்.

வேலப்பன்சாவடி மேம்பாலத்துக்குக் கீழே நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியின் அதிகாரியைப் பார்த்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் இறக்கிவிடுகிறேன் என்று அந்த அதிகாரி எங்களைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் மேடம், வசந்தி, அவர். பாலத்துக்கு அடியில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது: “கையை எடு.” பிறகு கண்ணாடிப் பெட்டி மூடும் சத்தம். நான் திரும்புவதற்குள் அவர் வசந்திக்குக் குறுக்கே எட்டி அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருந்தார். வண்டியின் கதவு திறந்தது. ரோட்டில் வைத்து அடித்தார். செருப்பால் அல்ல, கையால்தான். ஏழு. உதடு கிழிந்து அந்த ஆளின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. கல்லூரிப் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். “வண்டில ஏறு வசந்தி,” என்றார். ஷேர் ஆட்டோவைச் சொன்னார். அந்தக் கம்பெனி எங்களுக்கு வந்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. மறுநாளிலிருந்து இல்லை.

அன்று மாலை, “நாளைக்கு மரியாதையைப் பத்தி எழுதுங்க சார்,” என்றார். எழுதினேன். வேலையிடத்தில் பெண்கள் பயமில்லாமல் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று அமைதியாக எழுதினேன். அவர் பக்கத்தில் அதுவரை வந்த பதிவுகளில் அதைத்தான் அதிகம் பேர் படித்தார்கள். எவ்வளவு மென்மையான மனிதர் நீங்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். அதைப் படித்துக் காட்டியபோது அவர் வீங்கிய விரல் முட்டிகளில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் அவர் அடித்த அடிகளை நான் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. ஒரு நாள் அதைச் சொல்லியும்விட்டேன். “எழுதறது நான், பேர் உங்களுக்கு,” என்று தமாஷாகத்தான் சொன்னேன்.

“என் பேர்ல வந்தா அது நான் எழுதினது சார். நல்லா இருந்தாலும் நான், நாறினாலும் நான்,” என்றார். தமாஷாகச் சொல்லவில்லை.

அந்தப் பதிவுகளைப் பதினாலு மாதம் படித்துவிட்டுத்தான் அந்த முதலாளி தேடி வந்தார். பிரஸ் மெஷினில் தகட்டை அழுத்திக் கார் உதிரிபாகம் அடிக்கிற தொழிற்சாலை. அவ்வளவு பெரிய ஆள் எங்கள் இருபத்து மூன்று படி ஏறியது அதுவே முதல் தடவை. தொழிற்சாலைத் தலைவரை மாற்ற வேண்டும், பதினாலு வருஷமாக இருப்பவர், அவருக்குக் காற்றுவாக்கில்கூடத் தெரியக் கூடாது, புது ஆள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்லப் போகிறேன் என்றார். மேம்பாலக் கம்பெனி போன பிறகு எங்களுக்கு ஏழு மாதம் வேலை மெலிந்திருந்தது. இது அமைந்தால் ஆபீஸ் நிற்கும், அமையாவிட்டால் மூட வேண்டியதுதான். வசந்தியிடம் மேடம் அதை மறைக்காமல் சொல்லியிருந்தார்.

“எத்தனை பேர் வேலை செய்யறாங்க?” என்று முதலாளியிடம் நான்தான் கேட்டேன்.

“ஒரு நானூறு பேர் இருப்பாங்க.”

“சரியா எத்தனை சார்?”

அவர் சலித்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். நானூற்றுப் பதினேழு. பிரஸ் பதினொன்று. ஷிஃப்ட் மூன்று. குறித்துக்கொண்டேன்.

பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், மேலோட்டமாக ஒரு பதிவு போடச் சொன்னார் மேடம். என் முப்பத்தோரு வருஷத்தில் ஆள் எண்ணிக்கை இல்லாமல் ஒரு காலியிடக் குறிப்பு என் மேஜையை விட்டுப் போனதில்லை. போனால் மேலிருந்து திரும்பி வரும். கை பழகிவிட்டது. பெயர் எழுதவில்லை. ஊர் எழுதவில்லை. நானூற்றுப் பதினேழு தொழிலாளர்கள், பதினொரு பிரஸ், மூன்று ஷிஃப்ட் என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அன்று காலை மேடம் ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருந்தார். போனில் படித்துக் காட்டட்டுமா என்றேன். “வண்டி ஓட்டறேன், போடுங்க சார்,” என்றார். எட்டு பத்துக்குப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை போட்டது. வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான்கு பேர் என்று ஏறும்போதே தெரிந்தது.

முன்னால் வந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது, நரைத்த மீசை, பாக்கெட்டில் இரண்டு பேனா. பின்னால் மூன்று பேர். தொழிற்சாலைக்குக் கான்ட்ராக்ட் ஆட்கள் கொண்டுவருகிறவனின் பிள்ளைகள் என்று பிறகு தெரிந்தது. அவர் கையிலிருந்த போனில் என் பதிவு திறந்திருந்தது.

“இதை யார் எழுதினது?”

“உட்காருங்க, பேசலாம்,” என்றார் மேடம்.

“நானூத்திப் பதினேழு. பதினொரு பிரஸ். மூணு ஷிஃப்ட். அம்பத்தூர்லேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இந்தக் கணக்குல இன்னொரு கம்பெனி காட்டுங்க மேடம், நான் போயிடறேன். அந்த நானூத்திப் பதினேழை என் ரூம் போர்டுல நானே எழுதியிருக்கேன். என் பொண்ணு காலேஜ்ல ஃபைனல் இயர், அவ இதைப் பார்த்துட்டு எனக்கு அனுப்பறா. ‘அப்பா, உங்க கம்பெனி மாதிரியே ஒண்ணு, அங்க ஆள் எடுக்கறாங்களாம், நீங்க போடலாமே’ங்கறா. என் நாற்காலிக்கு என் பொண்ணு என்னை அப்ளிகேஷன் போடச் சொல்றா.”

பின்னால் நின்றவர்களில் ஒருவன் முன்னால் வந்தான்.

“இன்னா மேடம், அண்ணன் கேட்டுகினு கீறாரு, நீ பாட்டுக்கு பாத்துகினு கீறே. எழுதுனது யாரு, அத்த சொல்லு.”

என் மேஜை அவர் மேஜையிலிருந்து ஆறடி. என் இரண்டு கையும் கீபோர்டின் மேல் இருந்தன. மறுநாள் பதிவு பாதியில் நின்றது. அந்த நேரம் முழுவதும் மேடம் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

“என் பேர் போட்டிருக்கு இல்ல? நான்தான்,” என்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

பெட்டிக்குள் வைக்க நேரமில்லை. “ஏய், பொம்பளன்னு பாத்தா” என்று அவன் மேடத்தின் தோளைத் தொட்டான். அவன் மூக்கில் இவர் குத்து விழுந்தது. எலும்பு நெரிந்தது எனக்குக் கேட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. மற்ற இரண்டு பேரும் மேஜையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்கள். வசந்தி அவர்களுக்கு இடையில் புகுந்து, ஆள் கூப்பிடக் கீழே ஓடினாள். மேடத்தின் முகத்தில் இரண்டு. வயிற்றில் முழங்காலால் ஒன்று. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியது இரண்டு. விழுந்த பிறகு விலாவில் காலால் நான்கு. மொத்தம் ஒன்பது. நான் எண்ணினேன். எண்ணுகிற நேரத்தில் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூக்குடைந்தவன் எழுந்தான். “எந்தக் கையால எழுதுனே?” என்று கேட்டான்.

அவர் வலது கையை நீட்டினார்.

ஃபைல் பீரோவின் கதவு திறந்திருந்தது. அவன் அந்தக் கையை இழுத்து விரல்களைக் கதவின் கீல் பக்கம் வைத்து, கதவைக் காலால் உதைத்து மூடினான். மூன்று விரல். அவர் கத்தவில்லை; மூச்சை உள்ளே இழுத்தார், அது வெளியே வரவேயில்லை போலிருந்தது. “போதும்டா,” என்றார் மீசைக்காரர். அதற்கு முன் சொல்லியிருக்கலாம். அவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

ஹோஸ் கடைக்காரர்கள் ஸ்பானரோடு மேலே வருவதற்குள் நான்கு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். தரையில் உட்கார்ந்தபடி மேடம், “சார், என் கண்ணாடி எங்க விழுந்துதுன்னு பாருங்க,” என்றார். அப்போதுதான் என் கை கீபோர்டிலிருந்து எழுந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். “பீரோக் கதவு,” என்றார். போலீஸில் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

“எதுக்கு சார்? நான் மூக்கை உடைச்சேன், அவன் விரலை உடைச்சான். தீர்ந்துது.”

“அப்படி விடக் கூடாது மேடம். இது குற்றம்.”

“சரி. சாட்சி யாரு?”

சாட்சி சொன்னால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எதற்காக அடித்தார்கள் என்பார்கள். அந்தப் பதிவை யார் எழுதியது என்பார்கள். நான் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் இடது கையால் தண்ணீர் குடித்தார்.

ரகசியம் உடைந்ததால் முதலாளி எங்களை விட்டுவிட்டார். அந்த வாரமே மீசைக்காரரையும் அனுப்பிவிட்டு வேறு ஆபீஸ் மூலமாக ஆள் எடுத்துக்கொண்டார். மேடம் வீட்டு நகையில் கை வைத்து ஆபீஸை ஓட்டினார் என்று வசந்தி சொன்னாள். நான் மூன்று தடவை அவரிடம் போய் நின்றேன். “மேடம், அந்த நம்பர் போட்டது...” என்று ஆரம்பிப்பேன். மூன்று தடவையும் அவர், “வேலையைப் பாருங்க சார்,” என்றார். என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்குக் கீழே வரவில்லை.

நாற்பத்தாறாவது நாள், கட்டுப் பிரித்த பிறகு, மேடம் இடது கையால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வசந்தி எட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இவனுக்கா?” என்றாள். மீசைக்காரரின் பக்கம் திரையில் இருந்தது. அதில் கோட்டுப் போட்ட புதுப் படம் வைத்திருந்தார்.

“தினமும் பாத்துட்டிருக்கேன். ஒருத்தரும் கூப்பிடல. ஐம்பத்திரண்டு வயசு, யார் கூப்பிடுவா? ஆனா ஆள் நல்ல ஆள். பதினாலு வருஷத்துல ஒரு ஷிஃப்ட் நிக்கல. ஒரகடத்துல கேக்கறாங்க, பொருந்தும்.”

“உங்க கையை உடைக்க ஆள் கூட்டிட்டு வந்தவர் மேடம்,” என்றேன்.

“உடைச்சாச்சே சார். இன்னும் என்ன?”

ஆறு நாள் கழித்து மீசைக்காரர் தனியாக வந்தார். படி ஏற நேரமெடுத்தது. கைப்பிடி இல்லாத இடத்தில் சுவரைப் பிடித்து ஏறுவது மேலே கேட்டது. ஒன்றரை மாதத்தில் பத்து கிலோ குறைந்திருப்பார். மேடத்தின் கையைப் பார்த்தார். இரண்டு விரல் நிமிர்ந்திருந்தன, மோதிர விரல் மடங்கியே நின்றுவிட்டது. உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

“மேடம், அன்னைக்கு நான்...”

“அது முடிஞ்சுது. உட்காருங்க. பொய் சொல்லாம பேசணும், அது போதும்.”

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உங்க பக்கத்தை அப்புறம் முழுசா படிச்சேன். எவ்வளவு நல்லா எழுதறீங்க. மரியாதையைப் பத்தி ஒண்ணு எழுதியிருந்தீங்க, என் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். அப்படி எழுதறவங்க அந்த ஒண்ணை மட்டும் ஏன் மேடம் அப்படி எழுதினீங்க? ஒரு மனுஷன் பார்ப்பான்னு தோணலையா?”

பதில் மேடத்திடம் இல்லை, என்னிடம் இருந்தது. எழுந்து நின்றேன்.

“அதை எழுதினது நான் சார். எல்லாத்தையும் எழுதினது நான். நம்பர் போட்டது நான். அன்னைக்கு இங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். மேடத்துக்கு அதுல ஒண்ணும் தெரியாது. என் கையைத்தான் உடைச்சிருக்கணும்.”

ஐம்பத்திரண்டு நாள் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. மீசைக்காரர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வசந்தி தட்டுவதை நிறுத்தினாள். கண்ணாடிப் பெட்டி மேஜைமேல் இருந்தது. மேடம் அதைத் தொடவில்லை.

“தப்பா நினைச்சுக்காதீங்க,” என்று அவரிடம் சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை. “சாருக்கு வயசாயிடுச்சு. நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பார். இப்பல்லாம் தானே எழுதினதா நினைச்சுக்கறார். போன வாரம் எங்க கிளையன்ட் ஒருத்தர்கிட்டயும் இப்படித்தான் சொன்னார். நாங்க கண்டுக்கறதில்லை.”

போன வாரம் நான் எந்த கிளையன்ட்டிடமும் பேசவில்லை.

மீசைக்காரரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அவர் எழுந்து என்னிடம் வந்தார். தோளில் கை வைத்தார். கை சூடாக இருந்தது.

“எங்க அப்பாவும் கடைசில இப்படித்தான் மேடம். ரிடையர் ஆகிப் பத்து வருஷம் கழிச்சும் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புவார்,” என்றார். பிறகு என் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க ஐயா. ஒண்ணும் ஆகல. தண்ணி குடிக்கறீங்களா?”

நான் வசந்தியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அவள் குனிந்து தட்ட ஆரம்பித்தாள்.

உட்கார்ந்தேன். மேடம் அவரிடம், பழைய இடத்தில் யாருக்குக் கீழே வேலை பார்த்தார், ஏன் வெளியே வந்தார் என்று கேட்டார். அவர் மறைக்காமல் சொன்னார். மேடத்தால் வேகமாகத் தட்ட முடியாததால் பதில்களை நான்தான் தட்டினேன். இரண்டாவது மாதம் அவர் ஒரகடத்தில் சேர்ந்தார். வரவேற்றுப் போட்ட பதிவை மேடம் இடது கையாலேயே எழுதினார், என்னிடம் காட்டவில்லை.

அந்த மாதக் கடைசியில் நானாக நின்றுகொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. படி வரைக்கும் வந்து, “பாத்து இறங்குங்க சார்,” என்றார்.

ஆறு வருஷமாயிற்று. அவருக்கு இப்போது முகப்பேரில் பெரிய ஆபீஸ், பதினெட்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று கேள்வி. கள்ளிக்குப்பத்தில் காலை நடைக்கு வருகிற புது ஆட்கள் யாராவது, ரிடையரான பிறகு என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்பதுண்டு.

“எஸ்டேட்ல ஒரு ஆபீஸ்,” என்பேன். “அங்க உட்கார்ந்திருந்தேன்.”